பின்பக்க ஷாக்கில் ஊற்றிய எண்ணெய்

சுண்டுவிரல் நீள ஷாக் அப்சார்பர் ஒன்றை எங்கே கண்டாலும் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. ரிமோட்டில் ஓடும் பொம்மை டிரக்குக்குப் போடுவது அது. மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை தண்டை மெல்ல மேலும் கீழும் இழுக்க வேண்டும். பெங்களூரு ஹெப்பகோடியில் நான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த கம்பெனியின் மண்திடலில் ஞாயிறுதோறும் இந்த டிரக்குகளை ஓட்டுவார்கள். யாருக்கு ஷாக் சரியில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

பேக்கிங் பிரிவு அக்காவும் அப்படித்தான் வந்தார். பழைய டிரக் ஒன்றை வாங்கி, உடைந்ததையெல்லாம் தானே மாற்றி, மேனேஜரின் புத்தம்புது டிரக்கை வாராவாரம் தோற்கடித்துக்கொண்டிருந்தார். ஆண்டு விழாப் பந்தயத்துக்கு முந்தின நாள் எண்ணெய் மாற்றித் தரச் சொன்னார். அதற்குள் சூப்பர்வைசர் என்னைத் தனியே அழைத்துப் போய்விட்டார். விருந்தாளிகள் முன்னால் மேனேஜர் தோற்கக் கூடாது, என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜர் மேஜையில்தான் கிடக்கிறது என்றார். பிறகு தோளில் கைபோட்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடுப்பா" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போப்பா என்று கன்னடத்தில். இந்த ஊரில் பஸ்ஸில் இடம் கேட்கவும் அதே வார்த்தைதான், அயோக்கியத்தனத்துக்கும் அதே வார்த்தைதான். இன்று நான் அங்கே நிரந்தர ஊழியன். அந்த சூப்பர்வைசரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எந்த யோக்கியதையில் என்றுதான் தெரியவில்லை.

பின்பக்க ஷாக் இரண்டிலும், துள்ளலை அடக்காத, தண்ணீர்போல் நீர்த்த எண்ணெயை ஊற்றினேன். முழங்கால் உயரத்திலிருந்து டிரக்கைக் கீழே விட்டுப் பார்ப்பது வழக்கம். துள்ளாமல் உட்கார்ந்தால் சரி. அக்காவின் எதிரிலேயே விட்டேன். துள்ளப் பார்த்தது. பிடிப்பதுபோல் பாவனை செய்து உள்ளங்கையால் அமுக்கிவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

பந்தயத்தில் முதல் மேட்டைத் தாண்டி இறங்கியதுமே டிரக்கின் பின்புறம் எகிறித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. மேனேஜர் கோப்பை வாங்கினார். சூப்பர்வைசர் கைதட்டினார், நானும் தட்டினேன். சீ, என்ன பிறவி!

மறுநாள் அக்கா டிரக்கோடு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"நீ ஒழுங்காதான் போட்டுக் குடுத்த தம்பி. நான்தான் மேட்டுல வேகமா வுட்டு கெடுத்துட்டேன். இன்னொரு வாட்டி போட்டுக் குடுக்கிறியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணெயாகப் பார்த்து ஊற்றிக் கொடுத்தேன். ரொம்ப தேங்க்ஸ் என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.