அஞ்சலை அக்காவின் புல்தரை

செய்தி வந்தபோது நான் தில்லி ஓரத்து நரேலாவில், எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் காலடியில் உட்கார்ந்து பார்த்தீனியம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் அது பூத்து நின்றால் எனக்குப் பொறுக்காது. மடியில் இருந்த போன் அடித்தது. அந்தச் செடியின் சாறு பட்ட கையை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதற்குள் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்திருந்தது.

நான்தான் திரும்பக் கூப்பிட்டேன். அஞ்சலை அக்காவின் மகள் வள்ளி எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மா போய்ட்டாங்க. சுபே, விடியக்கால அஞ்சு மணிக்கு. மூச்சு வாங்கிக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் வாங்கல."

"வரேன்," என்றேன்.

எரித்துவிட்டு வந்த பிறகு வள்ளி என்னைத் தனியாக அழைத்தாள். பதினாறாம் நாளுக்கு ஒரு தாள் அச்சடித்து எங்கள் பழைய கேம்ப் ஆட்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறாளாம். "உங்களுக்குத்தான் அச்சா எழுத வரும். அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சின்னம்மா."

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளியும் மிளகாயும் மடித்துக் கொடுத்த தமிழ்த் தாள்களைப் பிரித்துவைத்து, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு, நானே படித்தவள். அதில் யாருக்கும் பங்கில்லை. நல்லதாக எழுத வருமோ என்னவோ, நடந்ததை எழுத வரும். வள்ளி தில்லியில் பிறந்தவள், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள். வாசிக்கிறவர் எதையும் தாண்டிப்போக வேண்டாம்.

அஞ்சலை அம்மாள் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜங்புராவில் நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் கரையில் இருந்த எங்கள் மதராசி கேம்ப்பிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பங்களாக்களுக்குப் பெண்கள் பலர் வேலைக்குப் போனோம். பாத்திரம், துணி, கூட்டுவது என்று ஆளுக்கொன்று. அக்காவுக்கு ஒரே வேலைதான்: புல்தரையில் களை எடுப்பது. அந்த வட்டாரத்தில் கோரை விழுந்த புல்தரைக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கோரையை எல்லோரும் இழுத்துப் பிடுங்குவார்கள். மேலே தாள் வரும், கிழங்கு உள்ளே நிற்கும். ஒன்று பத்தாக முளைக்கும். அக்கா தாளைத் தொடவே மாட்டார். குர்ப்பி என்னும் சின்ன மண்கொத்தியைப் பக்கவாட்டில் இறக்கி, முழங்கை ஆழம் வரை தோண்டி, கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்கு ஓடும் கறுப்பு நூல் வேரை அறுக்காமல் பின்தொடர்ந்து போவார். ஒரு காலைப்பொழுதில் பாய் அகலம்தான் நகர்வார். நகர்ந்த இடத்தில் மறுபடி கோரை வராது. இதை அவரைப் போலச் செய்தவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூட வேலை செய்த பெண்களை அவர் பாடாய்ப் படுத்தினார். மத்தியானம் எல்லோரும் மடியை விரித்துக் கிழங்கைக் காட்ட வேண்டும். நூல் அறுந்த கிழங்கு இருந்தால், அதை எடுத்தவள் திரும்பப் போய் அதே குழியை மறுபடி தோண்ட வேண்டும். "சோறு எங்கயும் ஓடாது. கெழங்கு ஓடும்," என்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே சட்டம்தான்.

நான் தில்லி வந்து இறங்கியது ஒரு கோடைக்காலம். ஊரில் கடலைக்கொல்லையில் களை வெட்டிப் பழகிய கை. என் புருஷன், எட்டு மாதக் கைக்குழந்தை, நான். அக்கா அப்போது ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் ஒரு வருஷமாக வேலை செய்துவந்தார். அந்த வீட்டின் பின்னால் ஆள் இல்லாமல் ஒரு குவார்ட்டர் கிடந்தது. ஒரு அறை, ஒரு குழாய், கான்கிரீட் கூரை. புல்தரையைப் பார்த்துக்கொள்கிற ஆளை மழைக்கு முன் அதில் குடிவைப்பதாக அதிகாரியின் மனைவி, மேம்சாப், சொல்லியிருந்தார். அக்கா புருஷனை இழந்தவர், வயிற்றில் வள்ளி. எனக்குப் புருஷன் இருந்தார், ராத்திரிக் காவலுக்கு ஆவார். மேம்சாப்பின் கண் என் பக்கம் திரும்பியது. அக்காவுக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் மேம்சாப் என்னிடம் இந்தியில் ஏதோ சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"களையெல்லாம் எடுத்துடணுமாம்," என்றார் அக்கா.

"எது களை, அக்கா?"

"ஏண்டி, கொல்லையில பொறந்தவதானே நீ? களை தெரியாதா?"

தெரியும் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் களை என்றால் முதல் களை அருகு. கடலையைக் கொல்லும், ஏரை மடக்கும், எத்தனை வெட்டினாலும் திரும்ப வரும். பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி போக மிச்சமெல்லாம் பகைதான். அந்தத் தோட்டம் முழுக்க அருகாய்ப் படர்ந்து கிடந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் இப்படி விட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினேன். நடுவில் புளியாரையும் பொன்னாங்கண்ணியும் முளைத்திருந்தன. கீரையாயிற்றே, கடையலாமே என்று அவற்றை மட்டும் பத்திரமாக விட்டேன்.

பத்தடி தள்ளி அக்கா கோரை தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு தடவையும் மறுபடி குனிந்துகொண்டார்.

மத்தியானத்துக்குள் வராந்தாவின் நேர் முன்னால் நான்கு கட்டில் போடும் அளவுக்கு மண்ணைத் திறந்துவிட்டேன். மேம்சாப் வெளியே வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "யே க்யா கியா? தூப் நிகால் தியா?" என்றார். என்ன செய்தாய், தூபைப் பிடுங்கிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார், தூப் என்றால் அருகு. தில்லிப் பங்களாக்களில் புல்தரை என்பதே அருகுதான் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. பயிரைப் பிடுங்கிக் குவித்துவிட்டுக் களைக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

அக்கா எழுந்து வந்தார். கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "நயீ ஹை மேம்சாப். காவ் கீ ஹை," என்றார். புதுசு, பட்டிக்காடு என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.

அந்த மாதமே அக்கா குவார்ட்டரில் குடியேறினார். நாங்கள் நாலாக் கரையில் தகரமும் பாலிதீனும் வைத்து ஒரு குடிசை போட்டோம். அந்த மழைக்காலத்தில் நாலாத் தண்ணீர் உள்ளே வந்தது. பிள்ளைக்கு வாந்தி, பேதி. மூன்றே நாள். அவன் பெயரை நான் இந்தத் தாளில் எழுதப் போவதில்லை.

அதன் பிறகு நானும் களை எடுக்கிற வேலையையே பிடித்துக்கொண்டேன், பிடிவாதமாக. எது புல், எது களை, எதை வேரோடு எடுப்பது, எதைப் பூக்கும் முன் எடுப்பது என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்துப் பார்த்து நானே கற்றேன். வழியில் அக்கா எதிர்ப்படுவார். நாலு பேர் நடுவில் நிற்கவைத்துக் கேட்பார்:

"இன்னா பச்சையம்மா, எது புல்லு, எது களைன்னு தெரிஞ்சிக்கினியா?"

கூட நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். கேம்ப்பில் எனக்குத் தூப்வாலி, அதாவது அருகுக்காரி, என்றே பெயர் வைத்தார்கள். என் புருஷன் செத்த வீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்திகூட, "தூப்வாலி வீடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

அக்காவின் புல்தரைக்குத் தோட்டப் போட்டியில் கோப்பை கிடைத்தது. மேம்சாப் கோப்பையோடு நிற்கும் படத்தில் பின்னால் குனிந்திருக்கும் முதுகு அக்காவுடையது. வள்ளி அந்தப் படத்தைத்தான் மாலை போட்டு மாட்ட நினைத்தாள், முகம் இல்லையே என்று விட்டுவிட்டாள்.

இருபது வருஷத்துக்கும் மேல் அவர் அந்தக் குவார்ட்டரில் இருந்தார். கடைசி வருஷங்களில் பக்கத்துக் காலி மனையிலிருந்து பார்த்தீனியம் சுவர் தாண்டி வந்தது. கையுறை கேட்டிருக்கிறார். உனக்கு எதற்கு, பழகிய கைதானே என்று சொல்லிவிட்டார்களாம். வெறும் கையால் பிடுங்கினார். கை வெடித்தது, கழுத்து தடித்தது, பிறகு மூச்சில் விசில் வந்தது. அதிகாரி இறந்ததும் பிள்ளைகள் பங்களாவை விற்றார்கள். வாங்கியவர் புல்தரையைத் தோண்டிக் கார் நிறுத்த நிலவறை கட்டினார். முழங்கை ஆழம் அக்கா பார்த்துப் பார்த்துத் தோண்டிய மண்ணை இயந்திரம் ஒரு நாளில் வாரிக்கொண்டு போனது. அக்காவுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

அவர் கேம்ப்புக்கு வந்தார். என் குடிசைக்கு மூன்றாவது கதவு. சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டுக்கொண்டார். ஒரே குழாயில்தான் இருவரும் தண்ணீர் பிடித்தோம். நான் பேசவில்லை. அவர் பேசினார். கேள்வி அதேதான்.

கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்று ஆனபோது கணக்கெடுக்க வந்தார்கள். பழைய ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை எல்லாம் கேட்டார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு நரேலாவில் வீடு. எனக்கு எல்லா வருஷத்துக்கும் காகிதம் இருந்தது, ஏனென்றால் எல்லா வருஷமும் நான் அந்த நாலாக் கரையில் கிடந்தேன். அக்காவிடம் பழைய வருஷங்களுக்குக் காகிதம் இல்லை. அப்போது அவர் குவார்ட்டரில் இருந்தார். பட்டியலில் என் பெயர் வந்தது, அவர் பெயர் வரவில்லை.

பழைய குடித்தனக்காரர் யாராவது, இவர் ஆரம்பத்திலிருந்தே இங்கேதான் இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேல்மனுவில் பார்ப்பார்கள் என்று மனு எழுதுகிறவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். சிலேட்டுக் கல் மாதிரி வெடித்த கை. நின்று மூச்சு வாங்கினார்.

"ஒரு கையெழுத்து, பச்சையம்மா. நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. ஒன் எழுத்துன்னா நம்புவாங்க."

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னிக்கு நான் அருகப் புடுங்கறத நீ பாத்தியா, இல்லியா?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அந்த ரூம்ல இருந்திருப்ப. நான் வயித்துப் புள்ளயோட இந்த நாலாவுல கெடந்திருப்பேன். யாராவது ஒருத்திதான் கெடக்கணும். நீ கெடன்னு விட்டேன்." மறுபடி மூச்சு வாங்கினார். "நீ போனப்புறம் அந்த அருகையெல்லாம் தண்ணில போட்டு வச்சி, சாயங்காலம் ஒண்ணொண்ணா நட்டேன். ஒண்ணுகூட சாவல. கோப்பை வாங்குன லானே நீ புடுங்கிப் போட்டதுதான்."

"எம்புள்ள செத்துட்டான்."

"தெரியும். அதான் ஒன்னத் தெனம் வம்புக்கு இழுத்தேன். சும்மாப் பாத்துட்டுப் போவ என்னால முடியல."

இவ்வளவு காலம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தாளை வாங்கி வாசித்தேன். மனு எழுதுகிறவருக்கு அரைகுறைத் தமிழ். இரண்டு தப்பு இருந்தது, திருத்தினேன். திருத்திவிட்டு, கையெழுத்துப் போடாமல் அவர் கையில் கொடுத்தேன்.

"நீ ஆரம்பத்துலேர்ந்து இங்க இல்ல. நான் பொய் எழுத மாட்டேன்."

"பொய்க்காவா நீ போட மாட்டேங்கற?" என்றார். சிரித்தார். சுவரைப் பிடித்து எழுந்து போனார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை.

வள்ளி, கையெழுத்துப் போடாதது யார் என்று உன் அம்மா உன்னிடம் சொல்லவில்லை என்பது நீ என்னை எழுதக் கேட்டதிலேயே தெரிந்தது. இப்போது உனக்குத் தெரியும். நான் வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னால் அது என்னிடம் இரண்டாவது பொய் கேட்பதற்குச் சமம். கையெழுத்துப் போட்டிருந்தால் வீடு கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கேம்ப்பை இடித்த பிறகு நீங்கள் குடிபோன, காற்றே வராத அந்த வாடகை அறையில் உன் அம்மா மூச்சு முட்டிச் செத்தார் என்பது தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று நரேலாவுக்குத் திரும்பும் வழியில் ஜங்புராவில் இறங்கினேன். கேம்ப் இருந்த இடத்தில் செங்கல் தூளும் இடுப்பளவு பார்த்தீனியமும். உங்கள் சிவப்புத் தரையில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது, அக்கா. அதன் வெடிப்பில் அருகு ஓடியிருந்தது. யார் நட்டது என்று தெரியவில்லை. அதற்கு யாரும் நட வேண்டியதில்லை.

சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றி நின்ற பார்த்தீனியத்தை, கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாய் வேரோடு எடுத்துப் போட்டேன். பாய் அகலம் திறந்தது. அருகைத் தொடவில்லை.

எது புல், எது களை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. போய் வாருங்கள்.