மேல்வீட்டுத் தண்ணீரும் கன்னியம்மா அக்காவும்

அம்பத்தூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த கீழ்வீட்டுக் கன்னியம்மா அக்கா தவறிவிட்டார். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பக்கவாதத்தில் எழ முடியாத அவர் கணவர் துரை அண்ணன் கீழே படுத்திருக்கிறாரே, மழை வலுக்கிறதே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவர்கள் குளியலறையைப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. அதன்பிறகுதான் அழுதேன்.

சமீபத்தில் குடிவந்தவர்களுக்கு இது விளங்காது. சில வருடங்களுக்கு முன் பெருமழையில் தெருச் சாக்கடை பொங்கி, கழிவுக்குழாய் வழியே திரும்பி அக்காவின் வீட்டுக்குள் வந்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துவிட்டு அவர் திரும்பியபோது, துரை அண்ணன் படுத்திருந்த பாயில் சாக்கடை ஏறியிருந்தது. அதன்பின் எல்லோரும் சேர்ந்து வாசலில் கழிவுக்குழாய் தெருவுக்குப் போகும் தொட்டியில் ஒரு வால்வு வைத்தோம். வீட்டுக் கழிவை வெளியே விடும். தெருவிலிருந்து எதிர்த்து வந்தால் மூடிக்கொள்ளும். “இனிமே பயமே இல்ல” என்றார் பிளம்பர்.

அடுத்த மழையில் வால்வு ஒழுங்காகவே மூடியது. ஆனாலும் அக்கா வீட்டில் தண்ணீர் எழும்பியது. இந்த முறை சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையுமாக. மேல்வீடுகளில் நாங்கள் ஊற்றியதெல்லாம் வெளியேற வழியின்றி அவர் வீட்டில் வந்து நின்றது.

“மேல கீறவங்களுக்கு மழ ஜன்னல்ல தெரியும். எனக்கு பாத்ரூம்ல தெரியும்” என்பார் அக்கா.

அன்றிலிருந்து வானம் கறுத்தால் அவர் மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்: “தண்ணி ஊத்தாதீங்கம்மா, வால்வு மூடிகிச்சு!” மூன்றாம் மாடிக்காரர் ஒருமுறை, “என் வீட்டுக் குழாயை மூட நீ யாரு?” என்று சீறினார். அக்கா அந்த வீட்டு வாசலிலேயே மழை விடும்வரை உட்கார்ந்துவிட்டார். முடியும் துணியும் சிக்கினால் வால்வு மூடாது என்பதால், மழைக்காலம் வருமுன் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்ய ஆள் கூட்டிவருவதும் அவர்தான்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நடந்ததை நான் மறக்க முடியாது. பிள்ளை பிறந்து சில நாள்தான். அன்று பகல் முழுக்க மழை. மகளுக்கோ வயிற்றுப்போக்கு. அடக்கி அடக்கி முகம் வெளுத்துவிட்டாள். நான் கீழே இறங்கிப்போய்த் தயங்கி நின்றேன்.

“இன்னாம்மா?” என்றார் அக்கா. சொன்னேன்.

அவர் துரை அண்ணனைப் பார்த்தார். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், “பச்ச ஒடம்புக்காரி இன்னாத்துக்கு அடக்கிகினு கீறா? போவச் சொல்லு” என்றார்.

“உங்க வீட்டுக்குள்ளதானே வரும் அக்கா?”

“வரட்டும். வாளி கீது.”

வந்தது. நானும் இறங்கினேன். இருவரும் மொண்டு மொண்டு காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் ஊற்றினோம். குழாய் ஒவ்வொரு முறை களகளவென்றபோதும் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். வாளித் தண்ணீர் அவர் புடவையில் சிந்திக்கொண்டே இருந்தது.

“பயமா இருக்கா அக்கா?”

“பயந்துகினேதான் செய்யணும். பயம் போவட்டும்னு குந்தினு இருந்தா, தண்ணி கட்டிலுக்கு வந்துடும்.”

சாயங்காலம் தெருவில் நீர் வடிந்தது. வால்வு திறந்து, குளியலறைத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. அக்கா படியில் உட்கார்ந்து, குழந்தை பால் குடித்ததா என்று கேட்டார்.

துரை அண்ணன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர் மகன் ஆவடியில் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் தனியாக. தண்ணீர் ஏறினால் கூப்பிட அவருக்குக் குரல் எழாது. அதனால் அக்காவின் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. வெயில் காயும் நாளிலும் ஃப்ளஷை அழுத்தப்போகும் என் விரல் ஒரு கணம் நிற்கிறது, கீழே யாரோ படுத்திருக்கிறார் என்று. அந்த ஒரு கணம்தான் அக்கா எனக்கு விட்டுப்போனது. அது போய்விட வேண்டும் என்று நான் விரும்பவில்லை.