சயாமிலிருந்த வீட்டுக்காரி

கச்சேரியில், அதாவது அரசாங்க மாவட்ட அலுவலகத்தில், நெடுங்காலம் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு ஒரு நோய் பிடித்துவிடும். ஒருவர் கண்ணீரோடு வந்து நின்றாலும், இதற்கு எந்த மனு பொருந்தும் என்றே மனம் முதலில் தேடும். ஓய்வு பெற்றபின்பும் எனக்கு அது குணமாகவில்லை. நான் இன்னும் வேலையில் இருந்தபோது காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு புடவை வியாபாரி என் மேசைக்கு வந்த நாளில் நோய் முற்றியே இருந்தது.

அவர் சயாம் நாட்டில், பாங்கொக்கில் ஒரு புடவைக் கடையில் பல வருடங்கள் இருந்தவர். அந்நாட்டு முஸ்லிம் பெண் ஒருத்தியை நிக்காஹ் செய்தார். ஒரு மகள் பிறந்தாள். பிள்ளை நடை பழகி ஓடத் தொடங்கிய காலத்தில் தாய் காய்ச்சலில் இறந்துபோனாள். அவர் பிள்ளையை மனைவியின் தங்கையிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதில் எவரும் குற்றம் காணமாட்டார்கள். மட்டக்களப்பில் தமிழருக்கும் சரி, முஸ்லிம்களான சோனகருக்கும் சரி, பிள்ளையின் குடி என்னும் குலம் தாய்வழியில்தான் வரும். தாய் இல்லாத பிள்ளை தாயின் தங்கையான சாச்சியோடு இருக்கும். தகப்பனுடைய கடமை, மகளுக்கென்று ஒரு வீடு கட்டுவது. அதைக் கட்டத்தான் அவர் வந்திருந்தார். வாவிக்கரைக் காணியில் கல்வீடு கூரை மட்டத்துக்கு எழும்பியதும், மகளை அனுப்பும்படி எழுதினார். பிள்ளை எங்களுடையது, உங்களுக்கு உரிமையில்லை என்று மனைவியின் தங்கையிடமிருந்து பதில் வந்தது.

“நான் முறைப்படி நிக்காஹ் செய்தவன், கிளாக்கர் ஐயா. லெப்பை ஓதினவர், ஆக்கள் வந்து சாப்பிட்டவங்க” என்றார்.

“பதிஞ்சீங்களா, காக்கா?” என்று, சோனகரை அண்ணன் முறையில் அழைக்கும் வழக்கப்படி கேட்டேன்.

“அங்க ஆரு பதியிற?”

இலங்கையில் நிக்காஹைப் பதியாவிட்டால் அபராதம் விழும், ஆனாலும் நிக்காஹ் செல்லும். சயாமில் அப்போது புதிதாக வந்திருந்த சட்டத்தின்படி, பதியாவிட்டால் அபராதம் கிடையாது, கலியாணமும் கிடையாது. கலியாணம் இல்லையென்றால் பிள்ளை தாய்க்கு மட்டுமே பிள்ளை. தகப்பன் அந்நியன். இவர் இரட்டை அந்நியன்.

அங்குள்ள பிரித்தானியத் தூதரகத்துக்கு நான் எழுதிய கடிதம் கொழும்பு வழியாகச் சுற்றிப் போனது. பதிலும் அப்படியே வந்தது. தகப்பனாவதற்கு மூன்று வழிகள் இருந்தன. தாயைப் பதிவுத் திருமணம் செய்யலாம். தாய் மண்ணுக்குள் இருந்தாள். தாயும் பிள்ளையும் சம்மதித்தால் பிள்ளையைத் தன்னுடையவளாகப் பதியலாம். ஒருத்தி இல்லை, மற்றவளுக்குச் சம்மதம் சொல்லும் வயதில்லை. மிஞ்சியது நீதிமன்றம். இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட சட்டத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஒருவர் நுழைய முடியாதபடி அதன் எல்லாக் கதவுகளும் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தன.

நீதிமன்றம் என்றால், பிள்ளையை அவர் வெளிப்படையாகத் தன்னுடையவள் என்று நடத்தினாரா என்று கேட்பார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மனைவியின் மரணத்தைப் பதியப் போனபோது, பிள்ளை யாருடைய குடும்பம் என்று அதிகாரி கேட்டாராம். தாயின் குடும்பம், தாயின் தங்கையிடம்தான் இருப்பாள் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதிகாரி அப்படியே எழுதி, இவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

“உம்மாட குடிதானே பிள்ளைக்கு. வேற என்னத்தச் சொல்லுற?” என்றார் என்னிடம்.

சோனகரின் காத்தான்குடியிலோ தமிழரின் கரடியனாற்றிலோ கேட்டிருந்தால் யாரும் அதையே சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னதால் இங்கே எவரும் தகப்பன் இல்லாமற் போனதில்லை.

நேரில் போய்க் கதைத்தால் சரிவரும் என்று அவர் நம்பினார். பயணப் பத்திரங்களை நான் எடுத்துக் கொடுத்தேன்; ஒரு எழுத்துப் பிழை இல்லை. கப்பலுக்குக் காத்திருக்கையில் யப்பான்காரர் சயாமுக்குள் புகுந்தார்கள். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது.

அவர் வீட்டு வேலையை நிறுத்தவில்லை. ஓடு போட்டு முடித்ததும், வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுத வேண்டும் என்று வந்தார். பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். “என் மகள்” என்று எழுத நொத்தாரிசு தயங்கினார். கொடுப்பவர் சொல்வதை எழுதுவதுதான் அவர் வேலை, அதை விசாரிப்பதல்ல என்று நான் விளக்கினேன். ஆனால் நன்கொடையை ஏற்க ஒருவர் வேண்டும். சிறுபிள்ளைக்காகத் தாய்மாமனோ வேறு தாய்வழி உறவினரோ கையெழுத்திடுவது வழக்கம். தாய்வழியில் அவளுக்கு இங்கே யாருமில்லை.

“மாமன்ட இடத்தில நீங்க போடுங்க, ஐயா” என்றார்.

போட்டேன். காணாத பிள்ளைக்கு மாமனானேன். அவரை அவளுடைய தகப்பன் என்று சொல்லும் ஒரே அரசாங்க முத்திரைத் தாள் அது. சயாமில் அது செல்லாது.

யுத்தம் முடிந்தபின் அவர் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. மகளுடைய வீடு, தகப்பனுக்கு அங்கே விருந்தாளி முறைதான். தன் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, காலையில் வந்து யன்னல்களைத் திறந்து, கூட்டி, மாலையில் சாத்திவிட்டுப் போவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அவரைப் பார்க்கப் போனேன். வேலியோரம் கதைத்துக்கொண்டு நின்றபோது வீட்டு வரி அறவிடுகிறவர் வந்தார். ஊருக்குப் புதியவர். சீட்டிலிருந்த பெயரைத் தட்டித்தடவி வாசித்துவிட்டு, “இது ஆரு காக்கா, வீட்டுக்காரி?” என்று கேட்டார்.

“என்ட மகள்.”

“உள்ளுக்க இரிக்காவா?”

“இல்ல. வெளியில போயிருக்கா.”

வரியைக் கட்டினார். அந்த மனிதர் பற்றுச்சீட்டைக் கிழித்து நீட்டி, “வந்தா குடுங்க” என்றார்.

“ஓம், குடுக்கிறன்” என்று அதை வாங்கிக்கொண்டார்.