எல்லோருக்கும் ஒரே ஈமெயில்

1. முதல் நாள் சொன்னது

பாச்சாங் கடைவீதியில், மாடியில் இருந்த ஒரு சைபர் கஃபேயில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஆறு கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். லைன் இணையத்தில் இருக்கும்வரை வெளியிலிருந்து யாரும் போன் பண்ண முடியாது. முதலாளி முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எஸ்டேட்டுலேருந்து வர்றவங்களுக்கெல்லாம் தனித்தனியா ஈமெயில் தொறந்துகிட்டு இருக்காதம்மா. பாஸ்வேர்ட மறந்துட்டு நம்ம உயிர வாங்குவாங்க. கடை ஈமெயிலயே கொடு. வந்தா பிரிண்ட் எடுத்து வை, போதும்லா."

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. நானும் எஸ்டேட்டில் வளர்ந்தவள்தான். எங்களுக்குக் கடிதம் எல்லாம் மளிகைக் கடை முகவரிக்குத்தான் வரும். கடைக்காரர் எடுத்து வைத்துக் கொடுப்பார். ஈமெயிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அப்படி எங்கள் முகவரியை நம்பியவர்களில் ஒருவர் சவரிமுத்து அங்கிள். கோலா சுங்கை பாரு பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுபவர். மகன் அந்தோணி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டில் போன் கிடையாது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, மகன் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று கேட்பார். வந்திருந்தால் நான் படித்துக் காட்ட வேண்டும். மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பிரிண்டும் வேண்டும்.

2. லக்கி டிரா

திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார். திரையில் மின்னுவதையெல்லாம் அமுக்குவார். ஒரு நாள் ஹேண்ட்போன் பரிசு என்று ஒன்று வந்தது. பெயரும் ஈமெயிலும் கேட்டது.

"இதெல்லாம் சும்மா அங்கிள்" என்றேன்.

"விழுந்தா விழட்டும் பாப்பா. பையன் கூப்புட்டா அவங்கம்மா கொரலயாவது கேட்டுக்குவா" என்று ஒற்றை விரலால் கடை முகவரியை அடித்தார். அதற்குப் பிறகு வாரம் ஒன்றிரண்டு லக்கி டிராவாவது நிரப்பாமல் எழுந்திருக்க மாட்டார்.

அதோடு பிடித்தது சனி. கடை ஈமெயிலில் விளம்பர மெயிலாக வந்து குவிந்தது. உடம்பு இளைக்க மாத்திரை, வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி, ஆப்பிரிக்காவில் யாரோ விட்டுப்போன கோடிகளில் எங்களுக்குப் பங்கு. எங்கிருந்துதான் வருமோ, நாய் குட்டி போட்டமாதிரி பெருகும். ஒவ்வொன்றின் அடியிலும், வேண்டாமென்றால் பதில் போடுங்கள் என்று பவ்வியமாக எழுதியிருக்கும். நானும் மரியாதையாக எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்பது அப்போது தெரியாது. இரண்டு மடங்காக வந்தது.

இலவச ஈமெயில் பெட்டி அந்தக் காலத்தில் மிகச் சிறியது. நிரம்பிவிட்டால் புதிதாக வருவது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதனால் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் குப்பை அள்ளுவதுதான் என் முதல் வேலை.

3. தீபாவளிக்குப் பிறகு

தீபாவளிக்குக் கடையைச் சாத்தினோம். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி வழிந்து நின்றது. வழக்கம்போலத் திட்டிக்கொண்டே துடைத்துப் போட்டேன். நடுவில் எது திரும்பிப் போனது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்த வாரமே ஒரு சாயந்திரம், இணையம் அறுந்து நான் மறுபடி டயல் செய்யப் போன நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, நான் அந்தோணி பேசுறேன். அப்பாவும் அம்மாவும் எத்தன மணிக்குக் கெளம்புனாங்க?"

"எங்க தம்பி?"

"கிளாங் துறைமுகத்துக்கு. கொழும்புலேருந்தே மெயில் போட்டேனேக்கா. கப்பல் இன்னிக்கி ஒரு நாள்தான் இங்க நிக்கும். காலையிலேருந்து துறைமுக வாசல்லயே நிக்கிறேன். மத்தியானத்துலேருந்து உங்களுக்கு அடிக்கிறேன், லைனே கெடைக்கல."

மெயில் வரவில்லை என்று சொன்னேன். கப்பல் இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது என்றான். எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பி, அங்கிருந்து அவர்கள் கிளாங் போய்ச் சேர இரவாகிவிடும். அவனுக்கும் அது தெரியும். "அப்பாவ அம்மாகிட்டப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கக்கா" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அங்கிள் வந்தார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கப்பல் இங்க வந்து நின்னுச்சா?"

"ஆமா அங்கிள்."

பிறகு கேட்டார். "ஏன் பாப்பா மெயில் வரல? நான் கண்டதையும் அமுக்குனதுனாலயா?"

நான் வாயெடுப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "சேச்சே, அதெல்லாம் இல்லண்ணே. அமெரிக்காவுல சர்வர் பிராப்ளம். யாரு என்னா பண்ண முடியும்?"

என்னையும் பார்த்தார் அங்கிள். நானும் தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். பாவம், ஏற்கனவே நொந்துபோன மனுஷன், இதையும் ஏன் அவர் தலையில் போடவேண்டும் என்று நினைத்தோம். மனது கேட்காமல், முதலாளியிடம் கேட்காமலே அவருக்கென்று தனி ஈமெயில் ஒன்று அன்றே திறந்து, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்.

"பாப்பா, வீட்டுல ஹேண்ட்போன் இருந்திருந்தா அன்னிக்கி அவன் நேரா எங்களயே கூப்புட்டிருப்பான்ல" என்றார்.

சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, திரையில் மின்னிய பரிசுப் படிவத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் புது முகவரியை அடிக்க ஆரம்பித்தார்.

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏமாந்தவர் உங்களிடம் வந்து காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் அன்று அழுதிருப்பார். அழட்டும் என்று விட எனக்குத் தைரியம் வரவில்லை.