நடக்கும் முன்பே எழுதிய உறுதிபூசுதல்

வீட்டில் நடப்பதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். மகளின் திருமணத்துக்குப் பதினோரு நாள் இருந்தபோது, பங்குச் சாமியார் கோயில் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மகளுக்கு ஞானஸ்நானம் இருந்தது, முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை இருந்தது. ஆயர், அதாவது பிஷப், வந்து நெற்றியில் எண்ணெய் பூசிக் கொடுக்கும் உறுதிபூசுதல் மட்டும் இல்லை.

"கல்யாணத்துக்கு முன்ன அது ஆகணுமே" என்றார்.

நான் நோட்டை நீட்டிச் சண்டையே போட்டேன். உறுதிபூசுதல் நடந்த தேதி, கிழமை எல்லாம் அதில் இருந்தன. உடன் வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ், அன்னிக்கு அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சே! உன் நோட்டுதான் கோயிலுக்குப் போச்சு. புள்ள ஊட்ல படுத்துக்கினு இருந்தா."

ஆயர் வரும் நாளைக் கோயிலில் அறிவித்ததுமே, நடந்ததாக எழுதிவிட்டிருக்கிறேன்!

பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். "இன்னாப்பா, கல்யாணம் நின்னுடுமா?" என்று மகள் அழுதாள். தாமே உறுதிபூச அனுமதி கேட்டுச் சாமியார் ஆயருக்கு எழுதினார். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஆயரின் அனுமதி வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து கம்பெனிச் சீருடையிலேயே ஓடிவந்த மகளுக்கு, சாமியாரே உறுதிபூசினார்.

இப்போது எதையும் வீடு திரும்பிய பிறகே எழுதுகிறேன். எழுதியதைப் படித்துக்காட்ட, மனைவி கேட்டு "ஆமா" என்ற பிறகுதான் பேனாவை மூடுகிறேன்.