முப்பத்தாறு மூலிகையும் ராசாத்தியும்

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் காதல் வந்தது. அவள் பெயர் ராசாத்தி. நாலு கால், செம்பட்டை முடி, பெங்களூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனுஷன் ராசாத்தி என்று கூப்பிட்டதில்லை. "ஏட்டி மூக்கம்மா"தான். குதிரைக்கு வைத்தார் அந்தப் பெயரை. அவளுடைய காகிதத்தில் ஏதோ வெள்ளைக்காரச் சீமாட்டி பெயர் எழுதியிருந்தது, அது இவர் வாயில் நுழையவில்லையாம்.

இவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சீசனுக்கு ஐந்தருவிக்கு வந்தவர்கள் பாதிப் பேருக்கு இவரைத் தெரிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையில் மூன்றாவது கல் இவருடையது. மற்றவர்கள் ஆள் பிடிக்கக் கூவிக்கொண்டிருக்கும்போது இவர் கல்லருகே நாலு பேர் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். காரணம் எண்ணெய். முப்பத்தாறு மூலிகை போட்டுக் காய்ச்சியது என்பார். ஒவ்வொரு அமாவாசைக்கும் முந்தின நாள் கோணிப்பையை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்புவார். திரும்பி வந்ததும் என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சுவார். சுரண்டை மிளகாய் வியாபாரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சுள்ளுன்னு நரம்புல ஏறுது அண்ணாச்சி" என்று அனத்துவார். பக்கத்துக் கல் செந்தில்வேல் அதில் என்ன இருக்கிறது என்று பத்து வருஷமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நானும்தான். எதிரே மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்று, குந்தி உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனவள் நான். கடை அடைத்து வந்ததும் அந்த எண்ணெயைத்தான் இவர் முதுகில் தேய்த்துவிடுவார். வலி போன இடம் தெரியாது. என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "தொழில் ரகசியம்ட்டி" என்பார். கட்டினவளிடம் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

சரி, குதிரைக்கு வருகிறேன். போன மாசியில் அருவி காய்ந்து கிடந்தபோது இலஞ்சி தங்கசாமி அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, தென்னந்தோப்புக்குள் நாலு குதிரை வைத்திருப்பவர். மகள் மஞ்சு குதிரைமேல் ஏறித் தடை தாண்டும் போட்டிக்குப் போகிறவள். புதிதாக வந்த குதிரைக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கிட்டே போனவனையெல்லாம் உதைக்கிறது, மனுஷனுக்குத் தேய்க்கிறவர் வந்து ஒரு கை பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாயில்லாச் சீவனுக்கு எண்ணெய் வேண்டாம் என்று இவர் வெறுங்கையோடு போனார். அரை மணி நேரம் முதுகை நீவிவிட்டாராம். குதிரை ஒரு பெருமூச்சு விட்டு, தலையை இவர் தோளில் சாய்த்துக்கொண்டதாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்தால் இலஞ்சி, பொழுது சாய்ந்தால் இலஞ்சி. சோறு போட்டால், "ராசாத்தி இன்னைக்கு ஒழுங்கா திங்கல" என்பார். நான் தின்றேனா என்று யார் கேட்டது?

ஆனியில் சாரல் தொடங்கியது. ஆடிக் கடைசியில் கோயம்புத்தூரில் பெரிய போட்டி. தென்காசியிலிருந்து மாட்டு டாக்டரம்மா நஸீபா வந்து, லாயத்தில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு பட்டியல் வாசித்தார். போட்டிக் குதிரை உடம்புக்குள் போகக் கூடாதவை. டீ, காப்பி, சாக்லேட், கசகசா, மிளகாய், கற்பூரம் எல்லாம் அதில் இருந்தன. வலி மாத்திரையும் ஊசியும் சொல்லவே வேண்டாம். ஒரு கஷாயம் கொடுத்தால்கூட நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். கடைசியாக, லாயத்துப் பக்கம் யாரும் ஒன்றுக்கு இருக்கக் கூடாது, மனுஷன் சாப்பிட்ட மாத்திரை அதன் வழியாக வைக்கோலில் இறங்கும் என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போடும் தங்கசாமி அண்ணாச்சி, லாயத்துக்குப் பின்னால் தான் வழக்கமாக நிற்கும் தென்னையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

டாக்டரம்மா மேலும் சொன்னார்: "போட்டி முடிஞ்சதும் சீட்டு எடுப்பாங்க. யார் குதிரை வருதோ அதுக்கு ரத்தம், மூத்திரம் ரெண்டும் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. பொட்டு கிடந்தாலும் மாட்டிக்கும். யார் கொடுத்தான்னு கேக்க மாட்டாங்க, ஏறினவ மேலதான் பழி. மஞ்சுவை வருஷக்கணக்குல தள்ளி வச்சிருவாங்க."

தங்கசாமி அண்ணாச்சி சொன்னார்: "அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா அன்னைக்கே குதிரையை வித்துருவேன். எம்பிள்ளை பேருதான் எனக்கு முக்கியம்."

இவருக்கு முகம் செத்துவிட்டதாம். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா, "அண்ணாச்சி, கையைக் காட்டுங்க" என்று இவர் கையை வாங்கி மோந்து பார்த்திருக்கிறார். காலையில் பதினைந்து பேருக்குத் தேய்த்த கை.

"இதுல கற்பூரம் கெடக்கா? மிளகாய் கெடக்கா?"

"அது தொழில் ரகசியம் டாக்டரம்மா."

"அப்ப இந்த எண்ணெய் பட்ட கை குதிரை மேல படக் கூடாது. அவ நக்குவா, உள்ள போயிரும்."

மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? ரகசியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இவர் தொழிலை விட்டார். சபரிமலைக்கு மாலை போட்டவர் மாதிரி நாற்பது நாள் எண்ணெயைத் தொடவில்லை. சீசன் களைகட்டி, சாரலில் ஊரே நனைந்துகொண்டிருக்க, மூன்றாவது கல் காலி. வீட்டில் காப்பி குடித்தால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். நான் ஒரு பிடி பிடித்தேன். "டாக்டரம்மா காதுல மட்டும் சொல்லிட்டு ரெண்டையும் பாக்க வேண்டியதுதான?" என்றேன். "முடியாதுட்டி" என்றார். அவ்வளவுதான் பதில்.

குதிரை கிளம்பும் நாள் வந்தது. முந்தின சாயங்காலம் எனக்கு இடுப்பு உயிர் போனது. இவர் லாயத்திலேயே கிடந்தார். வீட்டில் பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயை நானே எட்டின மட்டும் தேய்த்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் மறுபடி தேய்த்துக்கொண்டேன். பிறகு, அப்படி என்னதான் அழகி என்று பார்த்துவிடலாம் என்று, செந்தில்வேல் பைக்கில் ஏறி இலஞ்சிக்குப் போனேன்.

பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகிதான். லாரி தயாராக நின்றது, எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். நான் தனியாகப் போய் ஒரு கேரட்டை நீட்டினேன். தின்றுவிட்டு என் உள்ளங்கையை நக்கினாள், புறங்கையை நக்கினாள், முழங்கை வரைக்கும் நக்கினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போதும்ட்டி, கூச்சமா இருக்கு" என்று அவளோடு பேசக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் என் கையின் வாசனை எனக்கே வந்தது.

ஒருவரும் பார்க்கவில்லை. சொன்னால் லாரி கிளம்பாது. சொல்லாவிட்டால், சீட்டு இவள் பேருக்கு விழாமலே போகலாம். ஆனால் விழுந்தால் குதிரை போய்விடும், அதோடு இந்த மனுஷனும் போய்விடுவார். தோளில் தலை சாய்த்ததைச் சொல்லும்போது கலங்கின கண்ணை நான் பார்த்திருக்கிறேனே. லாரிப் பக்கம் நடந்தேன்.

"எல்லாரும் என்னை ஏசுங்க. நான் அந்த எண்ணெய்க் கையோட கேரட் கொடுத்துட்டேன். நக்கிட்டா."

மஞ்சு பாவம், தலைக்கவசத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா மட்டும் நிதானமாக இவர் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இப்ப சொல்லித்தான் ஆகணும். தடை செஞ்ச சாமான் ஒண்ணு இருந்தாலும் லாரி போகாது. இல்லேன்னா போகலாம். என்ன கெடக்கு அதுல?"

இவர் தங்கசாமி அண்ணாச்சியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். ஓரத்தில் செந்தில்வேல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"தேங்காண்ணெ" என்றார்.

"அப்புறம்?"

"கொஞ்சம் நல்லெண்ணெ. வாசத்துக்கு வெட்டிவேர்."

"மூலிகை?"

"வெட்டிவேர்தான்."

"மிச்சம் முப்பத்தஞ்சு?"

"இல்ல."

தேங்காயெண்ணெய் இலஞ்சிச் செக்கில் வாங்கியதாம். வெட்டிவேர் தென்காசி நாட்டு மருந்துக் கடையில். அமாவாசைக்கு முந்தின நாள் மலைப்பக்கம் போய் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "மரத்தடியில படுத்து ஒறங்குவேன்" என்றார். எனக்கு அவரை அடிக்கவும் வேண்டியிருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டியிருந்தது. நாற்பது நாள் தொழிலை விட்டது கற்பூரத்துக்குப் பயந்து அல்ல, இந்த வெட்டிவேர் மானத்துக்குப் பயந்து. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

டாக்டரம்மா பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு சொட்டை உதட்டில் தடவிப் பார்த்தார். எரியவில்லை. பிறகு குதிரையின் மருந்து நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, இருபத்தாறு வருஷ ரகசியத்தை ஒரே வரியில் எழுதி, "கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றார். இவர் பத்திரப் பதிவு மாதிரி மெதுவாகப் போட்டார். லாரி கிளம்பியது. இவரும் அதில் ஏறிப் போனார். செந்தில்வேல் பைக்கை உதைத்த வேகத்திலேயே தெரிந்தது, மத்தியானத்துக்குள் ஐந்தருவி முழுக்கச் சந்தி சிரிக்கும் என்று.

மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து இவர் போன் பண்ணினார். ராசாத்தி மூன்றாவதாக வந்துவிட்டாளாம். சீட்டும் இவள் பேருக்கே விழுந்ததாம். ரத்தம் எடுத்தாயிற்று, மூத்திரம் மட்டும் வரவில்லை.

"இவ ஒண்ணுக்குப் போகட்டும்னு ஒரு மணி நேரமா விசில் அடிச்சுட்டு நிக்கேன். டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆபீசர் நிக்காரு. அங்கன லாயத்துல காலையில குழாயைத் திறந்து குளிப்பாட்டுற சத்தம் கேட்டாத்தான் இவளுக்கு வரும், இங்க பக்கத்துல குழாயே இல்ல. ஏட்டி, போனை அருவிகிட்ட கொண்டு போ."

ரம்புட்டான் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இடுப்பு வலி எங்கே போனதோ. தடுப்புக் கம்பியைத் தாண்டி, குளிக்கிற கூட்டத்துக்குள் புகுந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கி அருவியைப் பார்த்துப் பிடித்தேன். ஒரு போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார். "என்னம்மா செய்யுதிய, செல்பியா?"

"குதிரை ஒண்ணுக்குப் போகணும் சார், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றேன். போனுக்குள்ளிருந்து இவர் கத்துவது அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "வந்துட்டு, வந்துட்டு, நல்லா இருப்பட்டி." சுற்றி நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து லேப் காகிதம் வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம். ராசாத்தியை விற்கிற பேச்சு அதோடு போயிற்று. அதுவரை வெறிச்சோடிக் கிடந்த மூன்றாவது கல்லுக்கு மேலே, இவர் அந்தக் காகிதத்தின் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டினார். குதிரைக்கே சோதித்த எண்ணெய் எது என்று கேட்டுக்கொண்டு கூட்டம் வருகிறது. சுரண்டை வியாபாரிக்கு எல்லாம் தெரியும், இருந்தும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு சுள்ளென்று ஏறுகிறது என்கிறார். செந்தில்வேலும் வெட்டிவேர் வாங்கிவிட்டான்.

நேற்று கடை அடைத்து வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இவர் பழக்கத்தில் பாட்டிலை எடுத்தார்.

"அதை அங்கன வைங்க. வெறுங்கையால தேய்ங்க, பாப்போம்."

வைத்துவிட்டார். இரண்டு கையாலும் நீவ ஆரம்பித்தார். எப்போதும் போகிற மாதிரியேதான் வலி போனது. நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

"இந்தப் பக்கம் போச்சு. ராசாத்தி, கொஞ்சம் திரும்பி உக்காரு" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று வாசல் பக்கம் பார்த்தேன். குதிரை இலஞ்சியில் இருந்தது.