சிரித்தால் திறக்கும் கதவு

கல்லூரி நாளில் நண்பர்களோடு பார்த்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை மகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரப்போகும் கெட்ட காலத்தைக் கேலி செய்யும் படம். அதில் ஓர் அலுவலகம், அதன் கதவில் ஒரு பெட்டி. பெட்டியைப் பார்த்துச் சிரித்தால்தான் கதவு திறக்கும். நாங்கள் சிரித்த சிரிப்பில் பெஞ்சே சாய்ந்துவிட்டது. மகளும் அப்படி ஒருமுறை சிரித்துவிட்டால், அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்கு விளங்கிவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் கையில் மக்ரூன் இனிப்பைக் கொடுத்து உட்கார வைத்தேன். அவள் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். படத்தில் கதாநாயகன் பல்லைக் காட்டுகிறான், கதவு திறக்கவில்லை. நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறேன். அவளோ நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி உற்றுப் பார்த்தாள்.

"வெளிச்சத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்காருப்பா. பெறகு எப்படி எடுக்கும்?"

அவர்கள் யார்டிலும் வருகைப் பதிவு செல்போனில் முகம் காட்டித்தானாம். சிரித்தால்தான் ஆப் ஏற்குமாம். காலை வெயில் முகத்தில் விழ வேண்டுமென்று எல்லோரும் கிழக்கே கடலைப் பார்த்து நின்று சிரிப்பார்களாம். யாரும் போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாதல்லவா என்று ஆப்புக்காகப் பரிந்து வேறு பேசினாள். எனக்குச் சுருக்கென்றது.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கைகளை வீசி, நெஞ்சை நிமிர்த்தி வெளியேறுவான். நாங்கள் கண்கலங்கிக் கைதட்டிய இடம். அங்கேதான் அவள் சிரித்தாள், மக்ரூன் புரையேறும் அளவுக்கு.

"கார்டக் கிழிச்சிட்டு எங்கன போவாரு? பி.எஃப். வாங்க திரும்ப இங்கனதான வரணும்."

அன்று முழுவதும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை பைக்கில் கொண்டுபோய் விட்டேன். யார்டு வாசலில் ஒரு கூட்டமே கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இவளுடைய சிரிப்பை மட்டும் ஆப் ஏற்கவில்லை. தூக்கக் கலக்கம். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அரை நாள் விடுப்பாகிவிடும். பாவமாக என்னைப் பார்த்தாள்.

"யப்பா, நேத்து அவரு வெளிய போனாருல்லா, அதே மாதிரி ஒருக்கா நடந்து காட்டுங்களேன்."

எனக்குக் கோபமும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவளுக்கு முன்னால் போய், கைகளை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, லாரிகளுக்கு நடுவே நடந்தேன்.

பின்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கூடவே வருகை பதிவானதற்கான மணியும் கேட்டது.